பௌ ரோலர் புதிதாகச் செய்யக் கொடுக்கப் போகிறேன், டிராயிங்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

காற்றுவாக்கில்:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 11 மீட்டர் ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு, எடை ஏழு டன்னை ஒட்டி. அணியத்தில் (படகின் முன்முனையில்) இருக்கும் பௌ ரோலரின், அதாவது நங்கூரச் சங்கிலி ஓடும் உருளையைத் தாங்கும் பாகத்தின், கன்னத் தகடு (பக்கச் சுவர்) ஒன்று வெளிப்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. பழையது 3 மி.மீ. தகடு, படகோடு வந்த சின்ன நங்கூரத்துக்காகச் செய்தது. இப்போது இருப்பது 20 கிலோ நங்கூரம், 10 மி.மீ. சங்கிலி. ரெடிமேடாக விற்பது எதுவும் என் அணியத்தின் சரிவுக்கு உட்காரவில்லை. அதனால் ஃப்ரீகேட் வரைபட மென்பொருளில் நானே வரைந்தேன்: 6 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டை யு வடிவத்தில் மடிக்க வேண்டும், உள் அகலம் 80, கன்னத்தின் உயரம் 100, நீளம் 600, அதில் 250 மி.மீ. படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிஎக்ஸ்எஃப் (தட்டை வரைபட) கோப்பை அனுப்பினால் வெட்டி மடித்துத் தருகிறோம் என்கிறார்கள் ஒரு பட்டறையில். அனுப்புவதற்கு முன் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பழைய_லேத்:
"எஸ்.எஸ்." என்று மட்டும் எழுதி அனுப்பினால் பட்டறையில் அன்றைக்கு எது மீந்து கிடக்கிறதோ அதுதான் வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் எழுதாததை அவர்கள் முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான். 316எல் என்று எழுதுங்கள். போல்ட்டுக்கு ஏ4-70 (316 வகை) என்று எழுதுங்கள். ஏ2 என்று வந்தால் அது 304 வகை, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே, எதற்கு இவ்வளவு எழுத்து வேலை?

துருவேலன்:
தெரியாது. 304, 316 இரண்டுமே ஏறக்குறைய காந்தத்தில் ஒட்டாது. மடித்த இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் 304 லேசாக ஒட்டும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் மாலிப்டினம். 316-இல் அது 2 முதல் 3 சதவீதம் இருக்கும், 304-இல் கிடையாது. உப்புத் தண்ணீரின் குளோரைடு தகட்டில் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிப்பதை அது நன்றாகத் தாமதப்படுத்தும். முழுதாகத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

316-க்குப் பின்னால் வரும் அந்த "எல்" கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாது என்பதைக் குறிக்கிறது. வெல்டிங் போடப்போகிறீர்கள் என்றால் அது அவசியம். வெல்டின் இரு பக்கமும் தகடு 450 முதல் 850 டிகிரி வரையான வெப்பத்தில் நிற்கும்போது கார்பன் போய்க் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பட்டையில் குரோமியம் குறைந்து, வெல்டை ஒட்டியே ஒரு கோடாகத் துரு விழும். கார்பனே குறைவாக இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

சான்றிதழ் வேண்டும் என்றால் ஆர்டரிலேயே "இஎன் 10204, 3.1 சான்றிதழுடன்" என்று எழுதுங்கள். தகடு வார்த்த ஆலை கொடுக்கும் காகிதம் அது, வேதியியல் கலவையும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கிலிருந்து வந்த தகடு என்ற அடையாள எண்) அதில் இருக்கும். தகட்டில் அடித்திருக்கும் நம்பரும் காகிதத்தில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று வெட்டுவதற்கு முன்னால் ஒரு போட்டோ கேளுங்கள். வெட்டிய பிறகு அந்த நம்பர் ஸ்கிராப்போடு போய்விடும்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
சரி, அலுமினியத்தில் செய்தால் என்ன? எடை மூன்றில் ஒரு பங்கு. அணியத்தில் எடை குறைந்தால் நல்லதுதானே.

துருவேலன்:
எடை மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. அதே விறைப்பு வேண்டும் என்றால் தடிமனைக் கூட்ட வேண்டும். அதைக்கூடச் செய்யலாம், ஆனால் எந்த அலுமினியம் என்பதுதான் கேள்வி. பல இடங்களில் 6061-டி6 என்ற கலவை கையிருப்பில் இருக்கும். அதை வெல்டிங் செய்தால் வெப்பம் பட்ட பகுதியில் வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும், இறுக்கமாக மடித்தால் வெளிப்பக்கம் வெடிக்கும். வெல்ட் போடுவதாக இருந்தால் 5083 அல்லது 5086 கேளுங்கள். அப்போதும் எஃகுச் சங்கிலி மேலே உரசிக்கொண்டே இருக்கும், எஸ்.எஸ். போல்ட் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் புஷ் வைத்துப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். அலுமினியப் படகுக்கு அது இயல்பான தேர்வு. ஃபைபர் படகின் பௌ ரோலருக்கு நான் போக மாட்டேன்.

பழைய_லேத்:
சாதா இரும்பில் செய்து ஹாட் டிப் கால்வனைஸ் செய்வதும் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதும்) ஒரு வழிதான், யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். முரட்டுத்தனமாக உழைக்கும். சங்கிலி உரசும் இடத்தில் துத்தநாகம் தேய்ந்து போகும், அப்புறம் துரு ஒழுகி ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல்பூச்சில்) கறை விழும். அழகு முக்கியம் இல்லை என்றால் பரவாயில்லை.

அமரத்தான்:
உலோகம் எது என்பதை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன். அந்தக் கன்னம் ஏன் மடங்கியது என்று யோசித்தீர்களா? நேர் இழுப்பில் அது மடங்காது. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றில் இடமும் வலமும் ஆடும், ஒவ்வொரு முறையும் சங்கிலி பக்கவாட்டில் போய் ஒரு கன்னத்தை மட்டும் நெம்பும். அணியம் அலையில் ஏறும்போது அந்த நெம்பல் குலுக்கலாக வரும். 3 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ. போட்டால் சரியாகும் என்பது ஒரு ஊகம்தான். கணக்குப் போட்டீர்களா?

காற்றுவாக்கில்:
போடவில்லை. இரண்டு மடங்கு தடிமன் என்றால் போதும் என்று நினைத்தேன்.

வரைபலகை:
போட்டுப் பார்த்துவிடலாம், தோராயமாகத்தான். பக்கவாட்டுச் சுமை அரை டன், அதாவது 5 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்கிறேன். அது அடித்தகட்டிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் ஒரு கன்னத்தின் மேல் படுகிறது, அதைத் தாங்க நீளவாக்கில் சுமார் 100 மி.மீ. தகடு வேலை செய்கிறது என்று கொள்வோம். வளைக்கும் திருப்புத்திறன் 5000 × 60 = 3,00,000 நியூட்டன் மி.மீ. 6 மி.மீ. தகட்டின் செக்ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் அளவு) 100 × 6 × 6 ÷ 6 = 600. வகுத்தால் 500 மெகாபாஸ்கல் வருகிறது. 316எல் தகட்டின் குறைந்தபட்ச ஈல்டு (அதைத் தாண்டினால் நிரந்தரமாக மடங்கும் அளவு) 170. ஆக, 6 மி.மீ.யும் மடங்கும். 8 மி.மீ. போட்டாலும் 281 வருகிறது, அதுவும் மடங்கும்.

தடிமனைக் கூட்டிக்கொண்டே போவது வழி இல்லை. இரண்டு கன்னங்களையும் மேலே குறுக்காகக் கட்டுங்கள். சங்கிலி துள்ளி வெளியே போகாமல் இருக்க எப்படியும் ஒரு குறுக்குப் பின் வேண்டும், அதையே கட்டாக மாற்றிவிடலாம்: நடுவில் சரியாக 80 மி.மீ. நீளக் குழாய், அதன் உள்ளே எம்12 போல்ட், இரண்டு பக்கமும் இறுக்கம். இப்போது ஒரு கன்னத்தின் சுமையை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன, 250 ஆகிறது. குழாயின் முனை தட்டையாகக் கடைந்து, கன்னத்தோடு நன்றாக அழுந்தி உட்கார்ந்தால் மேல் முனை திரும்பாமல் பிடித்துக்கொள்ளும், அப்போது இன்னும் பாதியாகி 125 பக்கம் வரும். அதே 6 மி.மீ. தகடுதான். குழாய் விட்டம் 25-க்குக் குறைய வேண்டாம், முனை உட்கார இடம் வேண்டும்.

கன்னத்தின் முன் ஓரத்தை வெளிப்பக்கமாக லேசாக விரித்தும் விடுங்கள், சங்கிலி பக்கவாட்டில் போகும்போது கூர் விளிம்பில் உரசாது.

அமரத்தான்:
கூடவே, நின்றுகொண்டிருக்கும்போது சுமையை ரோலரில் விடவே கூடாது. நைலான் ஸ்னப்பர் (சங்கிலியில் மாட்டும் நீண்டுகொடுக்கும் கயிறு) போட்டு கிளீட்டுக்கு (டெக்கில் கயிறு கட்டும் கொம்புக்கு) மாற்றிவிட வேண்டும். கிரேடு 40, 10 மி.மீ. சங்கிலி 63 கிலோநியூட்டன் பக்கம் போனால்தான் அறும். அந்தச் சுமையைத் தாங்கும் ரோலர் செய்தால் அதைத் தாங்க டெக் இருக்காது.

வரைபலகை:
இப்போது டிஎக்ஸ்எஃப் விஷயம். நீங்கள் விரித்த வடிவத்தை, அதாவது மடிப்பதற்கு முந்தைய தட்டை வடிவத்தை அனுப்பப்போகிறீர்கள் என்று புரிகிறது. அதில் எந்த கே-ஃபேக்டர் (மடிப்பில் நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு தடிமனில் எங்கே என்ற விகிதம்) போட்டீர்கள்?

காற்றுவாக்கில்:
மென்பொருள் தானாகப் போட்டது. 0.5 என்று காட்டுகிறது.

வரைபலகை:
அங்கேதான் இடிக்கும். உங்கள் துண்டையே எடுத்துக்கொள்வோம்: வெளி அளவுகள் 100 + 92 + 100 = 292. உள் ஆரம் 6, தடிமன் 6. கே 0.5 என்றால் விரித்த நீளம் 272.3 வரும். 0.42 என்றால் 270.8. ஒன்றரை மி.மீ. வித்தியாசம். எது சரி என்பது அந்தப் பட்டறையின் மெஷினையும், வி-டையின் (தகட்டை மடிக்கும் அடி அச்சின்) அகலத்தையும், அவர்கள் உண்மையில் கொடுக்கும் ஆரத்தையும் பொறுத்தது, இங்கே இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதனால் விரித்த வடிவத்தை நீங்கள் அனுப்பவே வேண்டாம். முடிந்த பாகத்தின் ஸ்டெப் (முப்பரிமாண) கோப்பும், அளவுகள் போட்ட பிடிஎஃப்பும் அனுப்புங்கள், எந்த அளவு முக்கியம் என்று குறியுங்கள் (உங்களுக்கு உள் அகலம் 80 முக்கியம், கன்னத்தின் உயரம் 99 ஆனாலும் கவலை இல்லை), விரிப்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய_லேத்:
இதை நான் வழிமொழிகிறேன். இன்னொன்று, ரோலர் அச்சுக்கான துளையை லேசரில் முழு அளவுக்கு வெட்டிவிட்டு மடித்தால் இரண்டு கன்னத் துளைகளும் ஒரே கோட்டில் வராது. எஸ்.எஸ். மடித்த பிறகு கொஞ்சம் திரும்பி விரியும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியாது. லேசரில் 8 மி.மீ. வழிகாட்டித் துளை மட்டும் போடச் சொல்லுங்கள். மடித்த பிறகு இரண்டு கன்னத்தையும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் 16-க்குத் துளைக்கட்டும். டிராயிங்கில் "மடித்த பின் துளைக்கவும்" என்று எழுதாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அடுத்து, 80 அகலம், 100 உயரம் என்ற யு-வை எல்லா பிரஸ் பிரேக்கிலும் (தகடு மடிக்கும் மெஷினிலும்) மடிக்க முடியாது. இரண்டாவது மடிப்பு போடும்போது முதல் கன்னம் மேலே வந்து பஞ்சில் (மேலிருந்து அழுத்தும் கருவியில்) இடிக்கும். வளைந்த கழுத்துள்ள பஞ்ச் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால் மூன்று தகடாக வெட்டி வெல்டிங்தான். அப்படி வந்தால் டிக் வெல்டிங், முழு நீளத்துக்கு, உள்ளும் புறமும். விட்டு விட்டுப் போட்டால் நடுவில் இருக்கும் இடுக்கில் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்துவிடும்.

துருவேலன்:
அந்த இடுக்குதான் எஸ்.எஸ்.ஸின் எமன். அதன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். ஈரம் தேங்கி, காற்று போகாத இடத்தில் அந்தப் படலம் அழிந்தால் மறுபடி உருவாகாது. வெளியே கண்ணாடி மாதிரி பளபளக்கும் பாகம் டெக்குக்குள் புதைந்த இடத்தில் பாதி தின்னப்பட்டு இருக்கும்.

அமரத்தான்:
இப்போதுதான் உறைக்கிறது. காற்றுவாக்கில், அந்தப் பழைய பாகத்தில் ஃபோர்ஸ்டே (மாஸ்டை, அதாவது பாய்மரக் கம்பத்தை, முன்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டியிருக்கிறதா?

காற்றுவாக்கில்:
ஆமாம், பின்பக்கம் ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும், அதில்தான். என் டிராயிங்கிலும் அதே காதை அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

அமரத்தான்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்! அது பௌ ரோலர் இல்லை, மாஸ்டை முன்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் பாகம், அதில் ரோலரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோலர் மடங்கினால் எரிச்சல்தான் வரும். அந்தக் காது விட்டால் மாஸ்ட் பின்பக்கம் காக்பிட்டில் இருப்பவர் மேல் வரும்.

வரைபலகை:
கம்பி என்ன அளவு? காது?

காற்றுவாக்கில்:
8 மி.மீ., 1×19 (19 இழை முறுக்கியது). காதில் மாட்டும் பின் அரை அங்குலம். காது 40 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன்.

வரைபலகை:
8 மி.மீ. 1×19 எஸ்.எஸ். கம்பி சுமார் 5 டன்னில் அறும், 49 கிலோநியூட்டன். கம்பி அறுகிற வரைக்கும் காது நிரந்தரமாக நீளாமல் நிற்க வேண்டும் என்பது நியாயமான அளவுகோல். துளை 13. துளைக்கு இரு பக்கமும் மிஞ்சும் தகடு (40 − 13) × 6 = 162 சதுர மி.மீ. 49,000 ÷ 162 = 302 மெகாபாஸ்கல். ஈல்டு 170. போதாது. 50 அகலம், 8 தடிமன் என்றால் (50 − 13) × 8 = 296, சுமார் 166 வரும், தப்பிக்கிறது. துளையின் மையத்திலிருந்து மேல் விளிம்புக்கு 26-ஆவது விடுங்கள்.

காது இழுப்பின் கோட்டிலேயே சாய்ந்திருக்க வேண்டும், அதையும் பாருங்கள். கம்பி ஒரு கோணம், காது ஒரு கோணம் என்று இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, ஆடி ஆடி வேரில் விரிசல் விடும்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
பழைய காது 40 × 6-தானே? இத்தனை காலம் நின்றதே?

வரைபலகை:
கம்பி ஒருநாளும் அறுகிற அளவுக்கு இழுக்கப்படுவதில்லை, அதனால் நின்றது. பழையது டூப்ளெக்ஸோ (வலு கூடிய எஸ்.எஸ். வகை) வேறு என்ன கிரேடோ, அதுவும் தெரியாது. புதிதாகச் செய்யும்போது குறைந்த கணக்கை எதற்கு நகல் எடுக்க வேண்டும்?

பழைய_லேத்:
என் பேச்சைக் கேட்பதாக இருந்தால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். ஃபோர்ஸ்டேக்கு வெல்டே இல்லாத ஒரே தகடு, 8 மி.மீ., அணியத்தின் முன் முகத்தில் இறங்கி, போல்ட் வரிசையாகப் போய்ப் பிடிக்கட்டும். ரோலர் தனியாக டெக் மேல். நாளைக்கு நங்கூரத்தை மாற்றினால் ரோலரை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். பிரிக்க இடம் இல்லை என்று வையுங்கள், காதை அடித்தகட்டின் மேல் குத்துக்கோட்டில் வெல்ட் செய்யாதீர்கள். அடித்தகட்டில் பிளவு வெட்டி, காதை அதன் வழியாகக் கீழே இறக்கி, கீழே போல்ட் போடும் பட்டையாக நீட்டிவிடுங்கள். வெல்ட் விட்டாலும் போல்ட் பிடிக்கும்.

காற்றுவாக்கில்:
பிரிக்க இடம் இருக்கிறது. முன் முகத்தில் 300 மி.மீ. வரை திடமான லாமினேட். டெக் பகுதியில் மட்டும் பால்சா கோர் (ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் லேசான மரம்).

அமரத்தான்:
பால்சாவில் நேரடியாக போல்ட் போடாதீர்கள். துளையைப் பெரிதாக்கி, ஓரமாக பால்சாவைச் சுரண்டி எடுத்து, கெட்டியாகக் கலந்த எபாக்சியை நிரப்பி, இறுகிய பிறகு 10.5-க்கு மறுபடி துளையுங்கள். துளையின் வாயை லேசாகச் சரித்துவிட்டால் சீலன்ட் மோதிரம் போல உட்காரும், பியூட்டைல் டேப் அங்கே நன்றாக வேலை செய்யும். கீழே பெரிய பேக்கிங் பிளேட் (சுமையைப் பரப்பும் தட்டு). அதையும் இதே ஆர்டரில் வெட்டச் சொல்லுங்கள், துளைகள் அச்சாகப் பொருந்தும்.

வரைபலகை:
அட்டையிலோ 3 மி.மீ. ப்ளைவுட்டிலோ முதலில் ஒன்று வெட்டிப் பாருங்கள், இதைத் தாண்டிப் போகாதீர்கள். டிராயிங்கை 1:1 அளவில் அச்செடுக்கும்போது ஓரத்தில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று வைத்து, அச்செடுத்த காகிதத்தில் ஸ்கேலால் அளந்து பாருங்கள். அச்சு இயந்திரம் "பக்கத்துக்குப் பொருத்து" என்று தானாகச் சுருக்கியிருந்தால் அங்கேயே பிடிபடும். ப்ளைவுட் மாதிரியை அணியத்தில் கிளாம்ப் போட்டு, உண்மையான நங்கூரத்தை அதில் ஏற்றி இறக்குங்கள். நங்கூரத்தின் தண்டு எங்கே தட்டுகிறது, ஏறும்போது நுனி படகின் தோலில் எங்கே இடிக்கிறது, இதெல்லாம் திரையில் தெரியாது. மடங்கிய பழைய பாகத்திலிருந்து அளவு எடுக்கவும் வேண்டாம், படகிலிருந்து எடுங்கள்.

டாலரன்ஸ் (அளவு எவ்வளவு பிசகலாம் என்பது) பற்றி: எல்லா அளவுக்கும் ±0.05 போட்டு அனுப்பினால் விலை ஏறும், இல்லையென்றால் சிரித்துவிட்டு ஒதுக்கிவிடுவார்கள். "குறிப்பிடாத அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768-எம்" என்று ஒரு வரி போதும். அதன்படி 30 முதல் 120 மி.மீ. வரை ±0.3, 400 வரை ±0.5. தகட்டு வேலைக்கு அது தாராளம். அச்சுத் துளைக்கும் குறுக்குக் குழாயின் நீளத்துக்கும் மட்டும் தனியாக எழுதுங்கள்.

பழைய_லேத்:
ரோலருக்கு நைலான் வேண்டாம், தண்ணீர் குடித்து ஊதி அச்சைக் கவ்விக்கொள்ளும். அசிட்டால் போடுங்கள், டெல்ரின் என்று கேட்டாலும் தருவார்கள். நடுவில் சங்கிலி நிமிர்ந்து ஓட ஒரு பள்ளம் கடையச் சொல்லுங்கள்.

துருவேலன்:
கடைசியாக மேல்பூச்சு. "பாலிஷ்" என்று மட்டும் எழுதினால் ஏதாவது ஒரு சக்கரத்தில் காட்டிவிட்டுத் தருவார்கள். பளபளப்பைவிட வழவழப்புதான் முக்கியம். ஆர்ஏ (சொரசொரப்பின் அளவு) 0.5 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் பழுப்புக் கறை பிடிப்பது நன்றாகக் குறையும். எலக்ட்ரோபாலிஷ் செய்தால் இன்னும் நல்லது. வெல்டைச் சுற்றி வரும் நீலமும் பழுப்பும் கலந்த நிறத்தைப் பிக்கிளிங் செய்து (அமிலப் பேஸ்ட் தடவி) எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் வெறுமனே பாலிஷ் போட்டு மூடக் கூடாது. அந்தப் பேஸ்டில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும், வீட்டில் நீங்களே முயற்சி செய்யவே வேண்டாம். சாதா இரும்பு அறுத்த கிரைண்டர் டிஸ்க்கை இதில் வைக்கக் கூடாது என்றும் எழுதுங்கள், அந்த இரும்புத் துகள் பதிந்தால் 316 என்றாலும் முதல் மழைக்கே துரு காட்டும். எல்லா ஓரமும் 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியிருக்க வேண்டும், லேசர் விட்ட ஓரம் கயிற்றை அறுத்துவிடும்.

காற்றுவாக்கில்:
எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வரைந்துவிட்டேன், திருத்தம் "பி" என்று மூலையில் போட்டிருக்கிறேன். ரோலர் தனி, 6 மி.மீ. 316எல், குறுக்குக் குழாயோடு. வளைந்த கழுத்துப் பஞ்ச் இருக்கிறதாம், மடித்துத் தருகிறார்கள். ஃபோர்ஸ்டே தகடு தனி, 50 × 8, எம்10 போல்ட் ஆறு, வெல்ட் கிடையாது, மேல் பகுதி மட்டும் கம்பியின் கோணத்துக்கு மடிப்பு. பேக்கிங் பிளேட் இரண்டு. விலை கேட்டு அனுப்பியாகிவிட்டது. ஃபோர்ஸ்டே தகட்டை இரண்டாக வாங்கி வைக்கலாமா, ஒன்று போதுமா?

பழைய_லேத்:
இரண்டு. மெஷின் செட்டிங் செலவு ஒருமுறைதான், இரண்டாவது துண்டுக்குத் தகட்டு விலையும் கொஞ்சம் வெட்டும் நேரமும்தான். போல்ட் முடுக்கும்போது மரையில் ஆன்டி-சீஸ் தடவுங்கள், எஸ்.எஸ். நட்டு எஸ்.எஸ். போல்ட்டில் கவ்விக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அமரத்தான்:
பழையதைக் கழற்றுவதற்கு முன் ஜிப் ஹாலியார்டையும் ஸ்பின்னேக்கர் ஹாலியார்டையும் (முன்பாய்களை ஏற்றும் கயிறுகள்) முன்பக்கத்து கிளீட்டுகளில் கட்டி வின்ச்சில் இறுக்கிவிட்டு, பேக்ஸ்டேயைத் (மாஸ்டைப் பின்னால் இழுக்கும் கம்பியைத்) தளர்த்திக்கொள்ளுங்கள். இரண்டும் இறுகி, ஃபோர்ஸ்டே தொய்ந்த பிறகுதான் பின்னை உருவ வேண்டும். காற்று இல்லாத காலை நேரமாகப் பாருங்கள், பக்கத்தில் ஃபெர்ரி போகும் இடமாக இருக்க வேண்டாம்.

காற்றுவாக்கில்:
ஸ்பின்னேக்கர் ஹாலியார்ட் படகில் இல்லை. ஜிப் ஹாலியார்டைக் கட்டி, டாப்பிங் லிஃப்ட்டையும் (பாயின் அடிக்கட்டையைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு) முன்னால் கொண்டுவந்து கட்டினால் போதுமா?

அமரத்தான்:
டாப்பிங் லிஃப்ட் மாஸ்டின் பின்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய கயிறு, அதை நம்ப வேண்டாம். மெயின் ஹாலியார்டை (பெரிய பாயை ஏற்றும் கயிற்றை) முன்னால் கொண்டு வாருங்கள், மாஸ்ட் உச்சியில் ஷீவ் (கப்பி) ஓரத்தில் உரசாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.